பனிக்காலையில ஹிப்பாசா சிலந்திய பாக்குறது எப்படி

ஹிப்பாசாங்கிறது புல்லுல புனல் வலை கட்டுற சிலந்தி. மார்கழி தை பனி இருக்கப்பவே பாத்துருங்க, வலை மேல பனித்துளி இருந்தாத்தான் நல்லா தெரியும், அதுக்கப்புறம்னா இஸ்திரிக்கு தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில தூக்கிட்டுதான் அலையணும். காரைக்குடி பக்கம் எந்த ஊர்னாலும் ஒரு ஊரணி இருக்கும்ல, அந்தக் கரை அருகம்புல்லு கிட்ட காலைல ஆறரைக்கு போய் நில்லுங்க, பழைய வேட்டிய துண்டு துண்டா கிழிச்சு விரிச்சு போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா தெரிஞ்சா அது பெரும்பாலும் ஹிப்பாசா வலையாத்தான் இருக்கும். வெயில் ஏறி பனி காஞ்சிட்டா வலை அங்கனயேதான் கிடக்கும், ஆனா நம்ம கண்ணுக்கு சிக்காது.

பாத்ததும் திடுதிடுன்னு ஓடாதீங்க, தரை அதிர்ந்தா உள்ள போயிரும். மெதுவா குத்தவச்சு வலையோட ஓரத்த பாருங்க, புனல் மாதிரி ஒரு ஓட்டை, அதோட வாய்ல ஆள் உக்காந்திருப்பாரு (நம்ம ஐயா திண்ணையில உக்காந்து தெருவ பாக்குற மாதிரியே). ஒரு புல் நுனிய எடுத்து வலைய லேசா ஆட்டுங்க, பூச்சி விழுந்துருச்சுன்னு நெனச்சு சர்ருன்னு வரும். இந்த வலையில பசை கிடையாது, விழுந்தது கால் தடுக்கி தடுமாறுற அந்த நேரத்துக்குள்ள ஓடிப்போய் புடிச்சாகணும், எல்லாம் வேகத்துலதான் இருக்கு. ரெண்டு தடவைக்கு மேல ஏமாத்தாதீங்க, பாவம்.

இதுல வேடிக்கை என்னன்னா இது ஓநாய்ச் சிலந்தி குடும்பம், அதுல முக்காவாசி வலையே கட்டாம தரையில ஓடித்தான் வேட்டையாடும். அதனால வலைய மட்டும் நம்பாம கண்ண செக் பண்ணுங்க, ஓநாய்ச் சிலந்தின்னா முன்னாடி வரிசையா நாலு சின்னது, மேல ரெண்டு பெருசு, பின்னால தள்ளி இன்னும் ரெண்டு. ஹிப்பாசாவுக்கு பின்பக்கம் நூல் விடுற உறுப்புல ரெண்டு நீளமா வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். முட்டைப்பைய பின்னால ஒட்டிக்கிட்டு திரிஞ்சா ஓநாய்ச் சிலந்தி குடும்பம்தான், சந்தேகமே வேணாம். வேலி முள்ளுல கூடாரம் கணக்கா தொங்குறது வேற, அது சைர்டோஃபோராங்கிற வேற சிலந்தி.

இனம் என்னன்னு மட்டும் போட்டோவ வச்சு அடிச்சு விடாதீங்க. ஹிப்பாசாங்கிற பேரினத்துக்கு பேர் வச்சது சீமோன்ங்கிற பிரெஞ்சு சிலந்தி ஆய்வாளர், 1885ல, அகெலினாய்டிஸ், கிரீனாலியேன்னு இதுல நிறைய இனம் இருக்கு, பிரிக்கணும்னா வளர்ந்த பொண்ணோட அடிவயித்து உறுப்பையும் ஆணோட முகத்துக்கிட்ட இருக்க உணர்கால் நுனியையும் மைக்ரோஸ்கோப்புல பாக்கணும். பாத்த உயிரினத்த போட்டோவோட பதியுற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல போடுறப்ப ஹிப்பாசாங்கிற பேரினம் வரைக்கும் எழுதிட்டு வலை ஒண்ணு, மேல இருந்து உடம்பு ஒண்ணு, முகம் ஒண்ணுன்னு மூணு படம், தேதி, எந்த ஊரணின்னு போட்டுருங்க.