அன்னாசியில் 8, 13, 21: சுருள்களைத் தப்பில்லாமல் எண்ணுவது எப்படி?

1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89... முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. இந்த ஃபிபோனச்சி வரிசை சூரியகாந்தியிலும் அன்னாசியிலும் பைன் காயிலும் இருக்கிறது என்று சொல்பவர்கள் ஏராளம், எண்ணிப் பார்த்தவர்கள் கொஞ்சம். எண்ண உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு தடவை 12 வரும், மறு தடவை 14 வரும். பழத்தில் குறையில்லை, பெரும்பாலும் எண்ணும் முறைதான் சரியில்லை.

முதலில் கையில் எடுக்க வேண்டியது அன்னாசி. மலிவு, பெரிய கண்கள், கையில் வைத்து உருட்டலாம்.

தேவையானவை: ஓர் அன்னாசி, இரண்டு நிறத்தில் அழியாத மார்க்கர், ஒரு தடித்த ரப்பர் பேண்ட், பழைய துணி. இரண்டாம் பகுதிக்கு ஓர் ஏ4 தாள், ஸ்கேல், 360 பாகையும் உள்ள வட்டப் பாகைமானி.

பழத்தைத் தேர்ந்தெடுப்பது

நடுப்பகுதி உருளை போல நேராக இருக்கும் பழமாகப் பாருங்கள். தட்டையாக விரிந்தோ, இரண்டு மூன்று கொண்டையோடோ இருந்தால் வேண்டாம். அதன் தண்டு வளரும்போதே கோணிப்போயிருக்கும், வரிசைகளும் குழம்பிக் கிடக்கும். நடுத்தரமும் பெரியதுமான பழங்களில் பொதுவாக 8, 13, 21 கிடைக்கும். மிகச் சிறிய பழங்களில் 5, 8, 13 வரலாம்.

ஈரத்தைத் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு தொடங்குங்கள். ஈரத்தோலில் மார்க்கர் வழுக்கும்.

படி 1: மூன்று சாய்வுகளைக் கண்டுகொள்வது

அன்னாசியின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிப் பூவிலிருந்து வந்தது. கண்கள் ஏறக்குறைய அறுகோணமாக இருப்பதால், ஒரு கண்ணிலிருந்து மூன்று திசைகளில் வரிசை ஓடும். படுத்தாற்போல மெதுவாக ஏறுவது ஒன்று. அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் செங்குத்தாக ஏறுவது இரண்டாவது. மூன்றாவது, முதலாவது சாயும் பக்கமே சாய்ந்தாலும், கிட்டத்தட்ட நேராக மேலே போகும். இவற்றில் படுத்தது 8, நடுவிலுள்ளது 13, செங்குத்தானது 21. படுத்த வரிசை வலப்பக்கம் ஏறுமா இடப்பக்கம் ஏறுமா என்பது பழத்துக்குப் பழம் மாறும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

படி 2: கோடு போட்டு எண்ணுவது

ரப்பர் பேண்டைப் பழத்தின் இடுப்பில் மாட்டுங்கள். அடியிலும் கொண்டைக்குப் பக்கத்திலும் கண்கள் சிறுத்து நெருங்கிவிடும், அங்கே எண்ணாதீர்கள். ஒரு படுத்த வரிசையைத் தேர்ந்து, பேண்டைக் கடக்கும் இடத்தில் அதன் மேல் கோடு இழுத்து ‘1’ என்று எழுதுங்கள். அதற்கு அடுத்த இணை வரிசைக்கு 2. இப்படியே சுற்றி வந்து, ஏற்கெனவே கோடு போட்ட வரிசையில் முட்டினால் நிறுத்துங்கள். 8 வர வேண்டும். இன்னொரு நிறத்தில் இரண்டாவது சாய்வுக்கும் இதையே செய்தால் 13.

பாதி வழியில் தெரியாமலே 8-வரிசையிலிருந்து 21-வரிசைக்குத் தாவிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற பிழை. இரண்டும் ஒரே பக்கம் சாய்வதால் கண் ஏமாறும். ஒவ்வொரு கோட்டையும் குறைந்தது நான்கு கண் நீளத்துக்கு இழுத்தால் இந்தத் தாவல் உடனே தெரிந்துவிடும்.

படி 3: சரிபார்ப்பு நடை

கோடே இல்லாமல் சரிபார்க்க ஒரு வழி உண்டு. சொல்லப்போனால் இதுதான் நம்பகமானது.

ஏதாவது ஒரு கண்ணில் பொட்டு வையுங்கள். படுத்த வரிசை வலப்பக்கம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொட்டிலிருந்து அந்த வரிசை வழியே வலப்பக்கம் ஒரு கண் ஏறினால் அது ஓர் ‘ஏற்றம்’. ரொம்ப மேலே போய்விட்டதாகத் தோன்றினால், இரண்டாவது வரிசை வழியே வலப்பக்கம் ஒரு கண் இறங்குங்கள். அது ஓர் ‘இறக்கம்’. இரண்டு ஏற்றத்துக்கு ஓர் இறக்கம், சில சமயம் ஓர் ஏற்றத்துக்கு ஓர் இறக்கம் என்று சமாளித்துக்கொண்டே பழத்தைச் சுற்றி, பொட்டு வைத்த அதே கண்ணுக்கு வந்து சேருங்கள். தாளில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியே கோடு போட்டுக் குறித்து வாருங்கள்.

சேர்ந்ததும் பாருங்கள்: 13 ஏற்றம், 8 இறக்கம். எந்த ஒழுங்கில் ஏறி இறங்கினாலும் இதேதான். ஒவ்வோர் ஏற்றமும் உங்களை ஒரு 13-வரிசையிலிருந்து அடுத்த 13-வரிசைக்குக் கொண்டுபோகிறது. எல்லாவற்றையும் கடந்தால்தான் தொடங்கிய வரிசைக்குத் திரும்ப முடியும். இறக்கம் 8-வரிசைகளை அப்படியே கடக்கிறது. பொட்டுக்கு ஒரு கண் மேலேயோ கீழேயோ வந்து முடிந்தால் எண்ணிக்கை செல்லாது. அங்கிருந்து ஏற்றமோ இறக்கமோ சேர்த்துப் பொட்டைப் பிடியுங்கள். பிடிக்க முடியாத இடத்துக்கு வந்திருந்தால் மறுபடி தொடங்குங்கள்.

21 எங்கிருந்து வருகிறது? கண்களுக்குக் கீழிருந்து உயர வரிசைப்படி 1, 2, 3 என்று எண் கொடுத்தால், 8 வரிசைகள் முறை வைத்து மாறி மாறி வருவதால், ஒரே 8-வரிசையில் அடுத்தடுத்த கண்களின் எண்கள் 8 கூடும். அதேபோல 13-வரிசையில் 13 கூடும். ஒன்றில் ஒரு கண் ஏறி, மற்றதில் ஒரு கண் ஏறினால் 21 கூடும். அந்த இடம்தான் செங்குத்து வரிசையின் அடுத்த கண்.

சூரியகாந்தி, பைன் காய்

சூரியகாந்தியை நேரே எண்ணுவது கஷ்டம். நேர் மேலிருந்து படமெடுத்து, ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு, பென்சிலால் வரிசைகளை இழுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: விளிம்பில் 34, 55 இருக்கும் பூவில், உள்ளே போனால் 21, 34 ஆகக் குறையும். ஆகவே இரண்டு பக்கச் சுருள்களையும் ஒரே வட்டத்தில் எண்ண வேண்டும். ஒரு பக்கத்தை விளிம்பிலும் மறுபக்கத்தை நடுவிலும் எண்ணிவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. பெரிய பூக்களில் 55, 89 வரும்.

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் பொறுக்கிய பைன் காய் விரிந்திருந்தால் தண்ணீரில் ஊறப்போடுங்கள். செதில்கள் மூடிக்கொள்ளும், காம்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுருள்கள் தெளிவாகத் தெரியும். 5, 8 அல்லது 8, 13 வழக்கம்.

ஏன் இந்த எண்கள்? தாளில் வரைந்து பார்ப்போம்

வளரும் நுனியில் ஒவ்வொரு புது மொட்டும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளி முளைக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு சூரியகாந்தியை வரைந்துவிடலாம். 1979-இல் இயற்பியலாளர் ஹெல்முட் ஃபோகல் கொடுத்த விதி இது: ஒவ்வொரு புள்ளியின் கோணம் = புள்ளியின் எண் × 137.5; மையத்திலிருந்து தூரம் = எண்ணின் வர்க்கமூலம் × 1 செ.மீ.

ஏ4 தாளின் நடுவில் மையம் வைத்து, வலப்பக்கம் ஒரு பூஜ்யக் கோடு இழுங்கள். பெருக்கி வருவதில் 360-ஐ எத்தனை தடவை கழிக்க முடியுமோ கழித்து, மீதியைப் பூஜ்யக் கோட்டிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அளந்து வையுங்கள். முதல் எட்டுப் புள்ளிகள்:

1: 137.5 பாகை, 1.0 செ.மீ.
2: 275, 1.4
3: 52.5, 1.7
4: 190, 2.0
5: 327.5, 2.2
6: 105, 2.4
7: 242.5, 2.6
8: 20, 2.8

இப்படி 89 புள்ளி வரை போகலாம். கடைசிப் புள்ளி 9.4 செ.மீ. தூரத்தில் விழும், தாளுக்குள் அடங்கும். விளிம்பில் ஒரு பக்கம் 13, மறுபக்கம் 21 சுருள்கள் தெரியும்.

முந்தைய புள்ளியிலிருந்து 137.5 அளந்து அடுத்ததை வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பாகை பிசகினால், ஒரே பக்கமாகப் பிசகும்போது 50-ஆவது புள்ளி 50 பாகை தள்ளிப் போயிருக்கும். எப்போதும் பூஜ்யக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

வரைந்ததில் 5, 8, 13, 21, 34-ஆம் புள்ளிகளை மட்டும் வண்ணமிடுங்கள். பூஜ்யக் கோட்டிலிருந்து அவை முறையே 32.5 பாகை கீழே, 20 மேலே, 12.5 கீழே, 7.5 மேலே, 5 கீழே விழுந்திருக்கும். கோட்டுக்கு மேலும் கீழும் மாறி மாறி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நெருங்குகிறது. எந்தப் புள்ளிக்கும் பக்கத்தில் வந்து உட்காரும் அண்டைப் புள்ளி அதிலிருந்து 8 அல்லது 13 அல்லது 21 எண் தள்ளியதாக இருப்பது இதனால்தான். கண் அந்த அண்டைகளைக் கோத்துச் சுருளாகப் பார்க்கிறது.

நேரமிருந்தால் 137.5-க்குப் பதில் 135 வைத்து வரையுங்கள். 135 என்பது 360-இல் எட்டில் மூன்று பங்கு. ஒன்பதாம் புள்ளி முதலாவதன் பின்னால் போய் நிற்கும். எட்டு நேர்க்கைகள், அவற்றுக்கு இடையில் வெற்றிடம். 144 வைத்தால் ஐந்து கைகள்.

பொருந்தாதவை

எல்லாப் பூவுக்கும் இதைப் பூட்டக் கூடாது. செம்பருத்திக்கு ஐந்து இதழ், சரி. இட்லிப்பூவுக்கும் கடுகுப் பூவுக்கும் நான்கு. 4 இந்த வரிசையிலேயே இல்லை. நாட்டிலஸ் சங்கின் சுருளைப் ‘பொன் விகிதம்’ என்று போடும் படங்களை விட்டுத்தள்ளுங்கள். அது மடக்கைச் சுருள்தான் (ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கில் விரிவது), ஆனால் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் 1.618 மடங்கு விரியும் பொன் சுருள் அல்ல.

சுருள்களிலும் விதிவிலக்கு உண்டு. மான்செஸ்டரில் 2012-இல் பொதுமக்களைக் கொண்டு சூரியகாந்தி வளர்த்து எண்ண வைத்தார்கள். 657 பூக்களின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. பெரும்பாலானவை ஃபிபோனச்சி எண்கள்தான். ஆனால் 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று போகும் லூகாஸ் வரிசை எண்களும், இரண்டிலும் சேராதவையும் இருந்தன. ஆகவே உங்கள் காயில் 7, 11 வந்தால் அழித்துவிட்டு 8, 13 என்று எழுதாதீர்கள். சரிபார்ப்பு நடையை இன்னொரு கண்ணிலிருந்து செய்யுங்கள். அப்போதும் 11 ஏற்றம், 7 இறக்கம் வந்தால் அந்தக் காயை எறியாமல் எடுத்து வையுங்கள். அது அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.