கதிரைக்குத் தேமல் விழாமல் ஸ்டெயின் அடிக்க

அப்பப்பாவின் சாய்மனைக் கதிரையை முதன்முதலில் நானே திருத்தியபோது, கைப்பிடியில் இருந்த ஆணி ஓட்டைகளை வெள்ளைப் பசையும் மரத்தூளும் சிரட்டையில் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்துவிட்டுத் தடவிப் பார்த்தால் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறமூட்டும் திரவம், பூசியதும்தான் வினை வந்தது. கதிரை முழுக்கத் தேன் நிறம். அடைத்த இடங்கள் மட்டும் வெளிறி, தேமல் விழுந்த முதுகு மாதிரி.

ஸ்டெயின் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கித்தான் நிறம் பிடிக்கும். காய்ந்த பசையில் அது இறங்க இடமில்லை. தூள் அதே மரத்துத் தூளாக இருந்தாலும் பசை அதைச் சுற்றி மூடிவிடுகிறது. ‘ஸ்டெயின் பிடிக்கும்’ என்று ரின்னில் எழுதி விற்கும் ஃபில்லரும் (ஓட்டை அடைக்கும் கலவை) நிறம் பிடிக்கும்தான். பக்கத்து மரம் பிடிக்கும் அளவுக்குப் பிடிக்காது, சிலவேளை அதைவிடக் கறுத்தும் போகும்.

ஆகவே பலர் விடும் பெரிய பிழை வரிசையில்தான். சின்ன ஓட்டை என்றால் முதலில் ஸ்டெயின், அதன்மேல் மெல்லியதாக ஒரு பூச்சு வாணிஷ். அது காய்ந்த பிறகு, வந்திருக்கும் நிறத்துக்குப் பொருந்தும் ஃபில்லரால் அடைத்து, மிச்ச வாணிஷை அடியுங்கள். ஃபில்லருக்குப் பதிலாக மெழுகுக் குச்சியால் அடைப்பதானால் எல்லாப் பூச்சும் முடிந்த பின். மெழுகின்மேல் வாணிஷ் ஒட்டாது.

பெரிய குழியை முன்னரே அடைக்காமல் முடியாது, தேய்க்க வேண்டுமே. ஒரேயடியாக அப்பினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு சுருங்கிப் பள்ளம் விழும். இரண்டு மூன்று தரமாக, கடைசியில் கொஞ்சம் மேடாக விடுங்கள். ஃபில்லரைக் குழிக்கு வெளியே இழுக்கவும் வேண்டாம். தேக்குப் போன்ற துளை பெரிய மரத்தில் அது போய் அடைந்து, குழியைச் சுற்றி வளையமாகத் தெரியும். ஸ்டெயின் காய்ந்ததும் மெல்லிய பிரஷால் பக்கத்து மரத்தின் ரேகைகளை அடைத்த இடத்தின் மேலே நீட்டி வரைந்துவிட்டால், கண் ஏமாந்து போகும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தேய்ப்பது எப்போதும் ரேகையின் போக்கிலேயே. குறுக்கே விழுந்த கீறலெல்லாம் ஸ்டெயின் பட்டதும் கறுப்பாக எழும்பும். 80ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 120, 180 என்று போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். பூச முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பசை சிந்திய இடம் அப்போதே வெளிறிக் காட்டிக்கொடுக்கும். அதைச் சுரண்டி, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்கினால் சரி. நிறத்தையும் கதிரையின் அடிப்பக்கத்தில் பூசிப் பார்த்துவிடுங்கள். முதிரையில் ஒரு நிறம், வேம்பில் வேறு நிறம் காட்டும்.

கார்த்திகை மாரியில் இந்த வேலைக்கு இறங்காமல் இருப்பதே நல்லது. ஈரக்காற்றில் செல்லாக் என்ற அரக்குப் பூச்சு புகைபிடித்தது போல வெளுக்கும். சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்துப் பூசினாலோ, மிச்ச ஸ்டெயினைத் துடைக்க முன்பே காய்ந்து திட்டாகிவிடும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் ஸ்டெயின் காயும்போது சூடு கிளம்பும். சுருண்ட துணி தானாகவே தீப்பற்றக் கூடியது. மதிலில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். கிடுகு வேலியில் அல்ல.