சப்ஸ்டிடியூஷன் நோட்டு எங்கே சறுக்குகிறது?

வராத ஆசிரியரின் வகுப்புக்கு யார் போவது என்று எழுதுவதுதான் சப்ஸ்டிடியூஷன் நோட்டு. வழிபாட்டு மணி அடித்த பிறகு அதைத் திறந்தால், முதல் பீரியடில் பாதி போன பின்தான் அந்த வகுப்புக்கு ஆள் போவார். நோட்டு எழுதுகிற ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. யார் வரவில்லை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பதிலி ஏற்பாடு தடுமாறும்போது முதலில் பார்க்க வேண்டியது, தகவல் எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்பதைத்தான்.

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் “இன்று சி.எல்.” (தற்செயல் விடுப்பு) என்று ஒரு வரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அந்த வரி காலை வணக்கப் படங்களுக்கும் அலுவலகச் சுற்றறிக்கைகளுக்கும் அடியில் புதைந்துவிடும். தகவல் ஒருவருக்குத் தனியாக வர வேண்டும்: உதவித் தலைமையாசிரியருக்கு, அல்லது கால அட்டவணைப் பொறுப்பாளருக்கு. காலை 8 மணிக்குள் என்று வரையறுத்துவிடலாம். முழு நாளா, முற்பகலா, பிற்பகலா, அன்று எந்தப் பீரியடில் எந்த வகுப்பு, அங்கே பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். “எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, 3ஆம் பீரியட், அலகு 4 பயிற்சி வினா 1 முதல் 6 வரை நோட்டில்” என்று எழுத ஒரு நிமிடம் போதும்.

பெர்மிஷனை மறப்பது இன்னொன்று. மாதத்துக்கு இரண்டு முறை, ஒரு மணி நேரம் வீதம் அனுமதி உண்டு. அது அனுமதிப் பதிவேட்டில் ஒழுங்காக ஏறும், சப்ஸ்டிடியூஷன் நோட்டில் ஏறாது. ஆள் பத்து மணிக்கு வந்துவிடுவார் என்ற நிம்மதியில் முதல் பீரியட் காலியாகக் கிடக்கும்.

எத்தனை பேர் விடுப்பு எடுத்தால் பள்ளி தாங்கும்?

இந்தக் கணக்கை ஜூன் மாதமே போட்டு வைக்காத பள்ளிகள் நிறைய. ஆறு முதல் பத்து வரை, வகுப்புக்கு இரண்டு பிரிவு என்று ஓர் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். பத்துப் பிரிவு, நாளுக்கு எட்டு பீரியட். தலைமையாசிரியர் நீங்கலாக, உடற்கல்வி, ஓவியம் சேர்த்துப் பதினான்கு ஆசிரியர்கள். எந்தப் பீரியடை எடுத்தாலும் பத்துப் பேர் வகுப்பில் இருப்பார்கள், நான்கு பேர் லெஷரில், அதாவது வகுப்பில்லாமல், இருப்பார்கள்.

இருவர் வரவில்லை என்றால் பீரியடுக்கு இருவர் மிச்சம், சமாளிக்கலாம். மூவர் வரவில்லை என்றால் ஒரே ஒருவர். அதாவது நாள் முழுக்க எட்டே ஓய்வு பீரியட், அதைப் பதினோரு பேர் பங்கிட வேண்டும். குறைந்தது மூன்று பேர் எட்டு பீரியடும் தொடர்ந்து நின்றாக வேண்டும். நால்வர் வரவில்லை என்றால் பத்துப் பேர், பத்து வகுப்பு. ஒருவர் மூச்சுவிட இடமில்லை; நோட்டுத் திருத்தவும் நேரமில்லை, அலுவலகம் கூப்பிட்டால் போகவும் முடியாது. ஐந்தாவது ஆளுக்கு விடுப்பு கொடுத்தால் ஏதோ ஒரு வகுப்பு அனாதைதான்.

ஆகவே முன்கூட்டியே கேட்கும் விடுப்பை ஒரே நாளில் இரண்டு பேரோடு நிறுத்துவது நல்லது. மூன்றாவது இடம், திடீர்க் காய்ச்சலுக்கும் திடீர் பயிற்சிக்கும். டிசம்பரில் இது உடைகிற காரணமும் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, அது நாட்காட்டி ஆண்டோடு காலாவதி. மிச்சம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வாரங்களில் ஒன்றாகக் கேட்பார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டினால் கூட்டம் கொஞ்சம் பரவும்.

பகுதிநேர ஆசிரியர்களை இந்தப் பதினான்கில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு வாரத்துக்கு மூன்று அரைநாள்தான் பணி. அட்டவணையில் பெயர் இருக்கிறது என்பதற்காக வராத நாளிலும் அவர் தலையில் வகுப்பை எழுதிவிட்டு, பிறகு தேடுவது ஒரு தனி வேடிக்கை.

“யாருக்கு ஃப்ரீ?” என்பது இரண்டாவது கேள்வி

முதல் கேள்வி, அந்த வகுப்புக்கு யார் போனால் பீரியட் வீணாகாது என்பது. அதே பாட ஆசிரியரைத் தேடுவதுதான் வழக்கம். கணக்குக்குக் கணக்கு ஆசிரியர். அவருக்கு அந்தப் பிரிவில் ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது, பாடம் எங்கே நிற்கிறது என்றும் தெரியாது. நாற்பது நிமிடம் வாயடக்குவதிலேயே போய்விடும். அதே பிரிவுக்கு வேறு பாடம் எடுப்பவரை அனுப்பினால் அவர் தன் பாடத்தில் ஒரு பீரியட் முன்னேறிவிடுவார். விடுப்பு முடிந்து வந்தவருக்கு அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுக்கலாம். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: அந்தப் பிரிவுக்கே எடுப்பவர், அடுத்து அதே பாடத்தவர், கடைசியாக லெஷரில் இருக்கும் எவரும்.

முன்கூட்டியே தெரிந்த விடுப்பென்றால் பதிலியே தேவையில்லை, பீரியடை மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டு நோட்டில் ஏற்றாமல் விடும்போது, பொறுப்பாளர் அதே பீரியடுக்கு மூன்றாவது ஆளை அனுப்புவார். வாசலில் இருவர் நிற்பார்கள். அதே வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் நாளையும் சேர்த்தே எழுத வேண்டும். அடுத்த வாரம் என்று தள்ளினால் அது வராது.

நோட்டில் பலர் வைக்காத பக்கம் ஒன்று உண்டு: கடைசிப் பக்கத்தில் எல்லா ஆசிரியர் பெயரும், எதிரே இந்த மாதம் அவர் எடுத்த பதிலி பீரியடுகளுக்குக் கோடு. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. அந்தப் பக்கம் இல்லாத பள்ளியில், மறுத்துப் பேசாதவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும்தான் எப்போதும் பெயர் விழும். யாருக்கும் தொடர்ந்து ஐந்து பீரியடுக்கு மேல் வராமல் பார்ப்பதும், பெயர் எழுதிய கையோடு அவரிடம் கையெழுத்து வாங்குவதும் அதே அளவு முக்கியம். கையெழுத்து இல்லாத வரிக்கு “எனக்குச் சொல்லவே இல்லை” என்ற பதில் நிச்சயம்.

வேலை கொடுக்காமல் ஆளை மட்டும் அனுப்புவதும் தவறுதான். வகுப்புக்கு ஓர் உறை, அதில் எந்தத் தேதியிலும் பயன்படுகிற மூன்று பயிற்சித் தாள்: ஒரு வாசிப்புப் பத்தி, ஒரு வாய்பாட்டு அல்லது பின்னக் கணக்குத் தாள், ஒரு வரைபடம். பயன்படுத்தியதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் முறை பிள்ளைகளே விடையைச் சொல்லிவிடுவார்கள். ஆய்வக பீரியடில் மட்டும் பதிலி ஆசிரியர் செய்முறை நடத்தக் கூடாது. அமில பாட்டில் எந்த அலமாரியில் என்று தெரியாதவர் கையில் சாவி போகவே வேண்டாம். அந்தப் பீரியடை எழுத்து வேலையாக்கிவிடலாம்.

இரண்டு பிரிவைச் சேர்க்கும்போது வருகையைச் சேர்க்கக் கூடாது. நாற்பது பேர் அறையில் எண்பது பேர் அமர்ந்தாலும் பதிவேடு இரண்டுதான். வகுப்பாசிரியர் வராத நாளில் அவருடைய பாடத்துக்கு மட்டும் ஆள் போட்டுவிட்டு மற்ற வேலையை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது: கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வகுப்பு வருகை, சத்துணவு எண்ணிக்கை, வராத பிள்ளை வீட்டுக்குப் போன். எண்ணிக்கை போகாவிட்டால் முட்டை குறையும், கடைசி வரிசைக்குக் கிடைக்காது. ஒவ்வொரு வகுப்புக்கும் இணை வகுப்பாசிரியர் ஒருவரை ஜூனிலேயே குறித்துவிட்டால் இது தீர்ந்துவிடும்.

ஈராசிரியர் பள்ளி

தொடக்கப் பள்ளியில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒருவர் குறுவள மையத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான பயிற்சி மையம்) நடக்கும் பயிற்சிக்குப் போகும் நாளில் மற்றவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பள்ளியைத் திறக்கவே ஆளில்லை. பயிற்சித் தேதி வந்த அன்றே வட்டாரக் கல்வி அலுவலரிடம் மாற்றுப்பணி ஆசிரியரைக் கேட்டு வைக்க வேண்டும். போனில் “பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்புகிறேன்” என்ற சொல்லை நம்பி எழுத்தாணை வாங்காமல் விடுவது பெரிய பிழை. வழியில் விபத்து நேர்ந்தால் அவர் எங்கே பணியில் இருந்தார் என்பதற்குச் சான்று இருக்காது. ஆணையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். சம்பளம் தாய்ப்பள்ளியில்தான் என்பதால், அவர் வேலை செய்த பள்ளி வருகைச் சான்றை மாதக் கடைசிக்குள் அங்கே அனுப்ப வேண்டும்.

ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் பார்த்துக்கொள்வது நல்லது. பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே அது இடம் தருகிறது.

நீண்ட விடுப்பை அன்றாட நோட்டில் எழுதாதீர்கள்

மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். ஓராண்டு இல்லாதவரின் வாரத்துக்கு 28 பீரியடை, தினமும் காலையில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தால் ஒரு பிரிவு ஓராண்டு முழுக்கப் பத்து முகங்களைப் பார்க்கும், ஒரு பாடமும் முடியாது. இருபது நாளுக்கு மேல் போகும் எந்த விடுப்புக்கும் கால அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டும்: பத்தாம் வகுப்புப் பீரியடுகளை ஒரே ஆளுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பங்கிடலாம்.

தற்காலிக ஆசிரியரை எடுப்பதென்றால் வாய்மொழி போதாது. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 13,331 காலியிடங்களை நிரப்ப அரசு அறிவித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று மாதத் தொகுப்பூதியம் வைத்தது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர்களும் உள்ளே வருவார்கள் என்ற வழக்கு உடனே உயர் நீதிமன்றம் போனது. அதிலிருந்து பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: மூலச் சான்றிதழைப் பார்த்துவிட்டே சேர்ப்பது, குழுத் தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது, நிரந்தர ஆசிரியர் வந்ததும் பணி முடியும் என்ற வரியைக் கடிதத்தில் சேர்ப்பது. அந்த வரி இல்லாமல் சேர்த்தவரை அனுப்பும் நாளில்தான் ஊர் திரளும்.

மாறுதல், ஓய்வு, மற்றச் செய்திகள்

விடுப்பின் காரணம் நோட்டிலும் பலகையிலும் வேண்டாம். “மருத்துவ விடுப்பு” என்பதோடு நிற்கட்டும். என்ன நோய் என்பது விண்ணப்பத்தோடு அலுவலகக் கோப்பில் இருக்கும். மாறுதல் கலந்தாய்வு சமயத்தில் கையெழுத்தில்லாத பட்டியலைக் குழுவில் பகிர்ந்து, பிள்ளைகள் அழுது, பெற்றோர் திரண்ட பிறகு ஆணை வேறாக வருவதும் உண்டு. ஆணை கையில் வந்த பின், அலுவலக உதவியாளர், அட்டவணைப் பொறுப்பாளர், ஆசிரியர்கள், பிறகு மாணவர்கள் என்ற வரிசையில் சொன்னால் போதும்.

பணிவிடுவிப்புக் கடிதம் கொடுக்கும் முன் மதிப்பெண் பதிவேடு, ஆய்வக இருப்பு, நூலகப் புத்தகம், மடிக்கணினி, அலமாரிச் சாவி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, வாங்குபவர் பெயரோடு கையெழுத்து வாங்குங்கள். எமிஸில் அவரை விடுவிக்காமல் விட்டால் புதிய பள்ளியில் அவருக்கு வருகை போட முடியாது. அவர் அங்கிருந்து நாளுக்கு நான்கு முறை போன் செய்வார், அதுவும் நியாயம்தான்.

கல்வியாண்டின் நடுவில் 60 வயது நிறைகிறவரின் வகுப்புகளை அவசரப்பட்டுப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. அவருக்கு விருப்பமா என்று முன்பே கேட்டு, மறுநியமனக் கருத்துரு ஓய்வுத் தேதிக்கு முன் போய்ச் சேர்ந்தால், பத்தாம் வகுப்பு மார்ச் வரை அதே ஆசிரியரிடம் இருக்கும்.