உறைபனி விழுமா? மாலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, அம்பேவளைப் பக்கம் மரக்கறி போட்டிருப்பவர்களுக்கு இது உதவும். வளிமண்டலவியல் திணைக்களம் 'துகள் உறைபனி' (புல்லிலும் தரையிலும் படியும் உறைபனி) என்று அறிவித்தால் கவனியுங்கள். ஆனால் அது மாவட்டத்துக்குப் பொதுவானது, உங்கள் பாத்தியைத் தனியாகச் சொல்லாது.

பொழுது சாயும்போது வானத்தைப் பாருங்கள். மேகமே இல்லாமல், காற்றும் அடங்கி, அடுப்புப் புகை நேரே மேலே போனால் அன்று இரவு உஷார். மேகம் மூடினால் பெரும்பாலும் பயமில்லை. கைபேசியில் 3 பாகை என்று காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது ஆள் உயரத்துக் காற்றின் அளவு. புல் நுனியில் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கலாம். குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டிலுள்ள லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) பாத்தி தப்பும், ஆற்றோரத்து உருளைக்கிழங்கு கருகும்.

சரி, என்ன செய்யலாம்? பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டை நன்றாகப் பிடித்துவைத்து இரவில் விடும். வெயில் இறங்குமுன் குச்சி நட்டு அதன்மேல் சாக்கை விரியுங்கள். பொலித்தீன் வேண்டாம், இலையில் பட்ட இடம் கருகிவிடும். காலையில் வெயில் ஏறியதும் சாக்கை எடுத்துவிடுங்கள்.