கேம் நடுவில் திரை கறுத்தால்: லினக்ஸில் செய்யக்கூடாதவை

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு ஒரு தம்பி வந்தான். மோட்டார் சைக்கிளை ஓட்டியது அவன் நண்பன். இவன் பின்னால் உட்கார்ந்து, கணினிப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

“அண்ணே, கேம் ஆரம்பிச்சு பத்து நிமிசத்துல திரை கறுத்துப் போகுது. லினக்ஸை நாலு தடவை மாத்திப் போட்டுட்டேன். கிராஃபிக்ஸ் கார்டுதான் போயிருச்சுன்னு நினைக்கிறேன். வித்துட்டு வேற வாங்கலாமா?”

கடைசியாகத் திரை கறுத்தபோது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் என்ன எழுதி வைத்திருந்தது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நாலு தடவை டிஸ்கை அழித்தபோது அந்தக் குறிப்புகளும் சேர்ந்து அழிந்துவிட்டன.

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன், அதற்கு நிறையப் பணமும் கொடுத்தேன். அந்த ஒரு தவறை மட்டும் இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். டிரைவரே போடாமல் விளையாடுவது, மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

உடனே ரீசெட் பட்டனை அழுத்துவது

திரை கறுத்ததும் கை தானாக அந்தப் பட்டனுக்குப் போகும். போகவிடாதீர்கள். முதலில் காதால் கேளுங்கள். கேமின் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஓடினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, படம் காட்டும் பகுதி மட்டும்தான் விழுந்திருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சில சமயம் எழுத்துத் திரை வரும். வராவிட்டால் கைப்பேசியில் எஸ்எஸ்ஹெச் (வேறு கருவியிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) செயலி வழியாக உள்ளே போகலாம். இதற்கு எஸ்எஸ்ஹெச் சர்வரை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். விளையாடும் கணினியில் நான் முதலில் போடுவதே அதைத்தான்.

அதுவும் முடியவில்லையா? ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ் (S), யூ (U), பி (B) எழுத்துகளைச் சில வினாடி இடைவெளியில் வரிசையாக அழுத்துங்கள். உபுண்டுவில் இந்த மூன்றும் வழக்கமாகத் திறந்தே இருக்கும். எஸ் என்பது நினைவகத்தில் நிற்பதை டிஸ்கில் எழுதச் சொல்வது. கடைசி நேரத்துக் குறிப்பு பிழைப்பது பல சமயம் இதனால்தான்.

மீண்டும் கணினி எழுந்ததும் டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையை மைனஸ் கே, மைனஸ் பி, மைனஸ் 1 என்ற சேர்க்கைகளோடு (journalctl -k -b -1) ஓட்டுங்கள். போன முறை கணினி ஓடியபோது கெர்னல் எழுதியவை மட்டும் வரும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் படியுங்கள். அதைப் படிக்கும் வரை எதையும் மாற்றாதீர்கள்.

எல்லாவற்றையும் ‘கிராஷ்’ என்று ஒரே பெயரில் அழைப்பது

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்பது ஒன்று. திரை உறைந்து சத்தம் ஓடுவது இன்னொன்று. மொத்தக் கணினியும் பட்டென்று அணைந்து, தானே திரும்ப எழுவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் வகையில் கார்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். நினைவகம் நிரம்பிவிட்டால் கெர்னல் பெரிய தீனிக்காரனைத் தேடிக் கொன்றுவிடும். கேமை விடப் பெரிய தீனிக்காரன் கணினியில் யார் இருக்கிறார்கள்? கெர்னல் எழுதும் அந்தக் குறிப்பேட்டில், அதாவது லாகில், ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று ஆரம்பித்து, கொன்ற நிரலின் பெயரோடு ஒரு வரி இருக்கும். அப்படி எதுவும் இல்லை, ஸ்டீம் கேம்தான் என்றால் அதன் லாஞ்ச் ஆப்ஷனில் புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் கருவி) லாகை இயக்குங்கள். ஹோம் ஃபோல்டரில் கேமின் எண்ணோடு ஒரு கோப்பு விழும்.

மூன்றாவது வகையில் லாக் பாதி வரியில் அறுந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் இருக்காது. அந்த அமைதியும் ஒரு தடயம்தான். எழுதுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் மின்சாரம் போயிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

டிரைவரையும் கார்டையும் குறை சொல்லிவிட்டு மின்சாரத்தைப் பார்க்காமல் விடுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பழுதான போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. அங்கே ஒரு போர்டு கைக்கு வந்தால் எந்த நிலையில் வந்ததோ அதை எழுதிக்கொண்ட பிறகுதான் ஸ்க்ரூவைத் தொடுவோம். அந்த ஒழுங்கு வீட்டில் என் கணினி முன்னால் உட்கார்ந்தபோது எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்போது என்னிடம் இருந்தது 320 வாட் இழுக்கும் நிவிடியா கார்டு. மேலே இரண்டு எட்டு-பின் வாய்கள். கணினியைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரர் பவர் சப்ளையிலிருந்து ஒரே ஒரு கேபிளை இழுத்து, அதன் நுனியில் இருந்த இரண்டு தலைகளையும் இரண்டு வாய்களிலும் செருகியிருந்தார். பார்க்க ஒழுங்காக, அழகாக இருந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது. மெனுவில் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. பெரிய சண்டைக் காட்சி திறந்ததும் திரை கறுக்கும், கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் சுழன்று அலறும், காதில் மட்டும் கேமின் இசை ஓடிக்கொண்டே இருக்கும். நான் என்ன செய்தேன்? டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றினேன், புதிய பதிப்புக்கு மாற்றினேன். கெர்னலை மாற்றினேன். உபுண்டுவை அழித்து ஃபெடோரா போட்டேன். லினக்ஸில் நிவிடியா என்றாலே இப்படித்தான் என்று நண்பர்களிடம் புலம்பினேன். கடைசியில் கார்டு பழுது என்று முடிவு கட்டி, பழுது என்று சொல்லியே, வாங்கிய விலையைவிட 700 வெள்ளி குறைத்து விற்றுவிட்டேன்.

புதுக் கார்டு வந்தது. இரண்டாவது வாரம், அதே கறுப்புத் திரை, அதே விசிறி அலறல்.

அன்றைக்குத்தான் கைப்பேசி வழியாக உள்ளே போய் லாகைத் திறந்தேன். ஒரே வரி: எக்ஸ்ஐடி 79, ஜிபியூ பஸ்ஸை விட்டு விழுந்துவிட்டது. எக்ஸ்ஐடி என்பது நிவிடியா டிரைவர் கெர்னல் லாகில் எழுதும் பிழை எண். 13, 31 போன்ற எண்கள் என்றால் கேமையோ டிரைவரையோ சந்தேகிக்க இடம் உண்டு. 79 அப்படி இல்லை. மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் கார்டோடு டிரைவரால் பேசவே முடியவில்லை என்று அர்த்தம். மின்சாரம், சூடு, ஸ்லாட்டில் சரியாக உட்காராத கார்டு, ரைசர் கேபிள் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய கார்டு இருந்த நாளிலேயே இந்த வரி அங்கே இருந்திருக்கும். நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

கேபிளைக் கழற்றினேன். கார்டுப் பக்கத்துத் தலை ஒன்றில் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் லேசாக இளகி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை.

கணக்கைப் பாருங்கள். கார்டு உட்காரும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் வரலாம். மிச்சம் 245 வாட்டும் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். எட்டு-பின் வாய் ஒன்றுக்கு விதிப்படி 150 வாட். இரண்டு தனிக் கேபிள் என்றால் சுமை பாதிப் பாதியாகப் பிரியும். ஒரே கேபிளில் இரண்டு தலை என்றால் மொத்தமும் அதே கம்பிகளில் போகும். அதோடு 320 வாட் என்பது சராசரிதான். காட்சி மாறும் கணத்தில், ஆயிரத்தில் சில பங்கு நொடிக்கு, கார்டு அதைவிட வெகுவாக மேலே எகிறும். இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரியும், கார்டு விழும். மெனுவில் ஒன்றும் ஆகாமல் சண்டைக் காட்சியில் மட்டும் விழுந்தது இதனால்தான். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில் இப்படிக் கண நேரத்துக்கு எகிறுவதைப் பவர் சப்ளை தாங்க வேண்டும் என்று தனியாகவே சேர்த்தார்கள்.

பவர் சப்ளையோடு பெட்டியில் வந்த இரண்டாவது கேபிள் பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து, வாய்க்கு ஒரு கேபிளாகப் போட்டேன். கறுப்புத் திரை அன்றோடு நின்றது. செலவு ஒரு காசு இல்லை. என் பழைய கார்டை வாங்கியவர் பட்டர்வொர்த்காரர். இரண்டு மாதம் கழித்து, “கார்டு அருமையா ஓடுது அண்ணே” என்று செய்தி அனுப்பியிருந்தார். நல்ல கார்டைப் பழுது என்று சொல்லி விற்றிருக்கிறேன்.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நிவிடியா எஸ்எம்ஐ கட்டளையில் பவர் லிமிட்டைக் குறைக்கலாம். 320 வாட் கார்டை 220-க்கு இறக்கி, எப்போதும் விழும் அதே காட்சியை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஏஎம்டி கார்டு என்றால் லாக்ட் என்ற செயலியில் இதையே செய்யலாம். விழாமல் ஓடினால் சந்தேகம் மின்சாரம், சூடு பக்கம் சாய்கிறது. வாட்டைக் குறைத்தால் சூடும் குறையும் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் டிரைவர் மேல் பழி போடுவதை நிறுத்த இது போதும்.

வேறு பவர் சப்ளையின் கேபிளைச் செருகுவது

வேண்டாம். பவர் சப்ளைப் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. வாய் பொருந்தினாலும் கார்டு எரிந்துபோகலாம்.

டிரைவரை இரண்டு வழியில் போடுவது

நிவிடியா தளத்திலிருந்து இறக்கிய ரன் கோப்பால் ஒரு முறை, உபுண்டுவின் பாக்கேஜ் கருவியான ஏப்டி வழியாக இன்னொரு முறை. கெர்னலுக்குள் ஒரு பதிப்பு, நூலகங்களில் வேறு பதிப்பு என்று ஆகிவிடும். நிவிடியா எஸ்எம்ஐயை ஓட்டினால் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லும். அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்தாலும் இதே செய்திதான் வரும், அதனால் முதலில் ஒரு ரீஸ்டார்ட். அப்புறமும் வந்தால் ரன் கோப்பை அதன் அன்இன்ஸ்டால் ஆப்ஷனோடு ஓட்டி நீக்கிவிட்டு, உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) தரும் பாக்கேஜை மட்டும் வையுங்கள்.

கெர்னல் பாராமீட்டர்களை அள்ளி ஒட்டுவது

கணினி எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள் இவை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் அது எதற்கு என்று தெரிந்த பிறகு.

ஏஎம்டியின் ‘ரிங் டைம்அவுட்’ வரியைப் பார்த்ததும் கார்டு போச்சு என்பது

கார்டுக்குக் கொடுத்த வேலை குறித்த நேரத்துக்குள் முடியவில்லை என்பது மட்டும்தான் அந்த வரியின் பொருள். அதற்குக் கீழேயே எந்த நிரல் அப்போது வேலை கொடுத்தது என்று பெயரோடு இருக்கும். ஒரே கேம், ஒரே இடம், ஒவ்வொரு முறையும் என்றால் மென்பொருளைப் பாருங்கள். ஏஎம்டி கார்டுக்குப் படம் வரையும் நூலகமான மெசாவைப் புதுப்பியுங்கள், புரோட்டான் பதிப்பை மாற்றுங்கள். எந்தக் கேமானாலும், எந்த நேரத்திலும் என்றால் வன்பொருள் பக்கம் வாருங்கள். யாராவது கார்டை ஓவர்கிளாக் செய்தோ மின்னழுத்தத்தைக் குறைத்தோ வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பெஞ்ச்மார்க் தாங்கியது என்பதால் கேமும் தாங்கும் என்று இல்லை.

நம்மூர் வெயிலை மறப்பது

மதியம் மூன்று மணிக்குப் பினாங்கில் வெளியே 32 டிகிரி. கதவைச் சாத்திய மேல்மாடி அறையில் அதற்கு மேல் இருக்கும். கணினி உள்ளிழுப்பதும் அந்தக் காற்றைத்தான். குளிர்நாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவில் 70 டிகிரி காட்டும் கார்டு இங்கேயும் 70 காட்டாது. ஏஎம்டி கார்டில் சென்சார்ஸ் கட்டளை எட்ஜ், ஜங்ஷன் என்று இரண்டு எண் தரும். பார்க்க வேண்டியது ஜங்ஷன், அதாவது சிப்பின் மிகச் சூடான இடம். பல கார்டுகளுக்கு அதன் எல்லை 110 டிகிரி. எட்ஜ் 70-ல் இருக்க ஜங்ஷன் 105 தொட்டால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்காது.

நினைவகத்தைச் சந்தேகிக்காமல் விடுவது

ரேம் பிழையும் சிபியூ பிழையும் கார்டு பிழை மாதிரி வேடம் போடும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியூக்களில் இது பெரிதாக வெளியே வந்தது. பல கேம்கள் ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று சொல்லி விழுந்தன, உண்மையில் தடுமாறியது சிபியூ. 2024-ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (சிபியூவுக்குள் ஓடும் நிரல்) திருத்தம் கொடுத்தது. அந்தத் தலைமுறை சிபியூ வைத்திருப்பவர்கள் அந்தத் திருத்தம் வரும் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும்.

ஞாயிறு வந்த தம்பிக்கு நான் முதலில் கேபிளைத்தான் பார்த்தேன். இரண்டு தனிக் கேபிள், பின்கள் சுத்தம். என் வீட்டிலேயே கேமை ஓட்டி விழ வைத்து லாகை எடுத்தோம். 79 இல்லை. ஒரு முறை எக்ஸ்ஐடி 31, அடுத்த முறை 13, மூன்றாம் முறை கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் (தப்பான நினைவக இடத்தைத் தொட்ட பிழை) ஆகி விழுந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அடி விழுந்தால், எல்லாரும் கைவைக்கும் பொது இடம் எது? பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு ரேமை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை யூஎஸ்பியிலிருந்து ஓட்டினோம். நாற்பது நிமிடத்தில் முதல் சிவப்பு வரி. இரண்டு ரேம் குச்சிகளையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்து மறுபடி ஓட்டினோம். ஒன்று சுத்தமாக முடித்தது, மற்றது மறுபடியும் சிவப்பு. அதை வாங்கிய ரசீதோடு மாற்ற எடுத்துக்கொண்டு, ஒற்றைக் குச்சியோடு கணினியை மடியில் வைத்து வீட்டுக்குப் போனான். கார்டு அவனிடமே இருக்கிறது.