ரேஸிங் சீட் மாட்டும் முன் காரின் தரையைத் தட்டிப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய காரில் ரேஸிங் சீட் போட ஆசையா? முதலில் தரை விரிப்பை (மேட்) உரித்துவிடுங்கள். நம் ஊர் உப்புக்காற்று தகரத்தைச் சும்மா விடாது. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்தே நின்ற ஒரு காரில் ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் முனை பொத்தென்று உள்ளே போய்விட்டது. அதில் போல்ட் போட்டு என்ன பயன்?

தகரம் நல்லதாக இருந்தாலும் வெறும் வாஷர் போதாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு வையுங்கள். பழைய சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். பேட்டரியைக் கழற்றாமல் தொடவே கூடாது.

அப்புறம் ஹார்னஸ், அதாவது தோளையும் இடுப்பையும் பல முனைகளில் காரோடு கட்டும் பந்தய பெல்ட். தோள் பெல்ட்டைப் பின்பக்கத் தரையில் மாட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. மோதும்போது அது தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். தோள் மட்டத்திலிருந்து லேசாகச் சரிந்து, சுமார் 10 டிகிரியில், பின்னால் போக வேண்டும். ரோல் பார் (கவிழ்ந்தால் கூரை அமுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்) இல்லாத காரில் நான்கு முனை ஹார்னஸ் வேண்டாம் என்பேன்: கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால் குனியக்கூட முடியாது.

கம்பெனி சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்; ஈ.சி.ஆரில் ஓட்ட அதுதான் சரி. செகண்ட் ஹேண்ட் ஹார்னஸ் என்றால் லேபிளில் காலாவதி ஆண்டைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) சான்று பெற்ற பெல்ட்டுக்கு ஆயுள் சுமார் 5 ஆண்டுதான்.