களத்திலிருந்து ஒதுங்கும் வீரர்கள்: மனநல ஓய்வு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 ஜூலை 27. டோக்கியோவில் பார்வையாளர் இல்லாத ஒலிம்பிக் அரங்கம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஓடி வந்து, வால்ட் மேசையில் கைகளை ஊன்றி எழும்புகிறார். காற்றில் உடலை இரண்டரை முறை திருகி இறங்க வேண்டும். ஒன்றரை முறை திருகியதுமே உடல் நின்றுவிடுகிறது. முழங்கால்கள் ஆழமாக மடங்க, தடுமாறி ஒரு பெரிய அடி எடுத்து வைத்து, ஒருவழியாக விழாமல் நிற்கிறார். 13.766 புள்ளிகள். அவருக்கு மிகக் குறைவு. அரங்கைவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்பியவர், கைப்பட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, தோழிகளைக் கட்டித் தழுவுகிறார். அணிப் போட்டி முடியும்வரை ஓரத்தில் நின்று மற்ற மூவருக்கும் கைதட்டினார். அமெரிக்காவுக்கு வெள்ளி கிடைத்தது.

அன்று மாலை என் கைப்பேசிக்கு வந்த முதல் செய்தி: “பயந்து ஒதுங்கிவிட்டார்.” அனுப்பியவர் கெட்ட மனிதர் அல்லர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவர், பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவரே அப்படி எழுதியதால்தான் இந்தத் தவறு எவ்வளவு ஆழமாக நமக்குள் ஊறியிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

பயம் என்று படித்துவிடுவது

பைல்ஸுக்கு நேர்ந்ததை ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் ‘ட்விஸ்டீஸ்’ என்பார்கள். காற்றில் சுழலும்போது தரை எங்கே, உத்தரம் எங்கே, எத்தனை முறை திரும்பியிருக்கிறோம் என்ற உணர்வு திடீரென்று அறுந்துவிடும். இருட்டில் படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்து, தரை முட்டியதும் உடல் முழுவதும் ஒரு கணம் அதிரும் அல்லவா? அந்த அதிர்ச்சி, தலைகீழாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை பழகி, யோசிக்காமலே உடல் செய்துவந்த ஒன்று அது. மனஅழுத்தம் அந்தத் தொடர்பைக் குலைக்கும்போது, “இன்னும் கொஞ்சம் தைரியமாக முயற்சி செய்” என்பதற்குப் பொருளே இல்லை. துணிச்சலைக் கூட்டினால் திசை தெரிந்துவிடாது.

இதை மீறினால் என்ன ஆகும்? சோவியத் வீராங்கனை எலீனா முகினா 1978இல் ஒட்டுமொத்தப் பிரிவில் உலகச் சாம்பியன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு முன்பு கால் எலும்பு முறிவிலிருந்து முழுமையாகத் தேறாத நிலையில், உடலும் மனமும் ஓய்ந்துபோயிருந்தபோதும், மிக ஆபத்தான ஒரு சுழற்சியைப் பழகும்படி நெருக்கப்பட்டார். தனக்கு இதில் அடிபடும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். ஜூலை 3ஆம் தேதி மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது மோவாய் தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு 20 வயது. 2006இல் இறக்கும்வரை கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தே வாழ்ந்தார். டோக்கியோவில் பைல்ஸ் சொன்ன ‘முடியாது’ எவ்வளவு பெரியது என்பதை முகினாவின் கதையை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஆனால் நாம் வேறொரு காட்சியை வைத்து அளக்கிறோம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக் காயம்பட்ட கணுக்காலோடு ஓடி வந்து தாண்டினார், பயிற்சியாளர் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார், உலகமே கண்ணீர் விட்டது. அந்தத் தாவல் இல்லாமலே அமெரிக்காவுக்குத் தங்கம் உறுதியாகியிருக்கும் என்பது புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் தெரியும். அந்தத் தாவலுக்குப் பின் ஸ்ட்ரக் தனிநபர் போட்டிகளில் ஆட முடியாமல் போயிற்று. 18 வயதுப் பெண்ணின் மன உறுதியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்தக் காட்சியை இலக்கணமாக வைத்துக்கொண்டு, வலியைச் சொல்கிறவர்களை எல்லாம் அதனோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுகிறோமே, அதைத்தான் விட வேண்டும்.

ஆட்டம் நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருக்கிறார் என்று நம்புவது

2019 அக்டோபர் 27, அடிலெய்டு. இலங்கைக்கு எதிரான டி20 போட்டியில் ஆஸ்திரேலியாவின் கிளென் மேக்ஸ்வெல் 28 பந்துகளில் 62 ரன் குவித்தார். நான்கு நாள் கழித்து, மனநலக் காரணங்களுக்காக கிரிக்கெட்டிலிருந்து விலகியிருக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அந்த 62 ரன்னைப் பார்த்தவர்களில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருக்குமா? அவருக்குள் நடந்ததை முதலில் கவனித்து, யாரிடமாவது பேசச் சொன்னவர் அப்போதைய தோழி வினி ராமன். (2022இல் இவர்கள் திருமண அழைப்பிதழ் தமிழில் அச்சாகி நம் ஊர்க் கைப்பேசிகளில் எல்லாம் சுற்றியது நினைவிருக்கலாம்.) ரன் கணக்கில் தெரியாதது வீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது. தூக்கம், சாப்பாடு, பேச்சு, சிரிப்பு ஆகியவற்றில் வரும் மாற்றம்தான் முதல் அடையாளம். ஸ்கோர் போர்டு கடைசியாகத்தான் சொல்லும். பல நேரம் சொல்லவே சொல்லாது.

மேக்ஸ்வெல் விலகிய சில நாட்களில் இந்தூரில் விராட் கோலியிடம் இதுபற்றிக் கேட்டார்கள். 2014 இங்கிலாந்துப் பயணத்தில் தனக்கும் அந்த நிலை இருந்தது, யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். அந்தத் தொடரில் அவர் பத்து இன்னிங்ஸில் எடுத்தது 134 ரன். நாம் அப்போது அவரது மட்டை போகும் கோணத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

பொய்க் காரணம் சொல்வதும், நோயின் பெயரைக் கேட்டு நச்சரிப்பதும்

2006 பிப்ரவரியில் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோத்திக் இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவில் ஊர் திரும்பினார். குடும்பக் காரணம் என்றார்கள். பிறகு அவரே தொலைக்காட்சிப் பேட்டியில் ஏதோ வைரஸ் தொற்று என்றார். உண்மையில் அது மனச்சோர்வு நோய். உண்மையைச் சொல்ல முடியாததால், நோயோடு சேர்த்துப் பொய்யையும் அவர் சுமக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பாதியில் திரும்பினார். வாரியமோ கிளப்போ செய்யக்கூடியது எளிது: “மனநலக் காரணங்களுக்காக ஓய்வில் இருக்கிறார், மேற்கொண்டு விவரம் சொல்ல மாட்டோம்.” பொய்யும் இல்லை, அந்தரங்கமும் கெடவில்லை.

ஆனால் அத்தோடு நாம் விட்டால்தானே! 2013 நவம்பரில் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜோனதன் டிராட் பிரிஸ்பேன் டெஸ்டுக்குப் பின், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரைவிட்டு வெளியேறினார். மன அழுத்தம் தொடர்பான நிலை என்று சொல்லப்பட்டபோது எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். சில மாதம் கழித்து, தனக்கு இருந்தது மனச்சோர்வு நோய் இல்லை, எரிந்து தீர்ந்துபோன களைப்பு என்று டிராட் விளக்கினார். உடனே காற்று மாறியது. இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மைக்கேல் வான், தான் சற்று ஏமாற்றப்பட்டதுபோல் உணர்வதாக எழுதினார். மருத்துவச் சீட்டில் பெரிய பெயர் இருந்தால்தான் அனுதாபம், சின்னப் பெயர் என்றால் சந்தேகம்! அந்த மனிதர் ஆட முடியாமல் போனது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். பெயர் தெரிந்தால்தான் நம்புவேன் என்பவர், நோயாளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்.

விதியைக் கொண்டு அடிப்பது

2021 மே மாதம் ஜப்பானிய டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா பிரெஞ்சு ஓப்பனில் செய்தியாளர் சந்திப்புகளுக்கு வரமாட்டேன் என்று முன்பே அறிவித்தார். அவருக்கு வயது 23. முதல் சுற்று வென்றார். 15,000 டாலர் அபராதம் விதித்தார்கள். டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களை நடத்தும் அமைப்புகள் நான்கும் சேர்ந்து, தொடர்ந்தால் தகுதிநீக்கமும் வரக்கூடும் என்று எச்சரித்தன. மறுநாள் அவர் போட்டியைவிட்டே விலகினார். 2018இலிருந்து மனச்சோர்வால் நெடுங்காலம் அவதிப்பட்டதை அப்போதுதான் வெளியில் சொன்னார்.

செய்தியாளர் கேள்வி கேட்பது வேண்டாத வேலை என்று நான் சொல்லமாட்டேன். பல வீராங்கனைகள் அந்த மேசையில் உட்கார்ந்துதான் தங்களுக்கு நடந்த அநியாயத்தை உலகுக்குச் சொன்னார்கள். ஒசாகாவின் அறிவிப்பும் திடீரென்று வந்தது. ஆனாலும் “என்னால் முடியவில்லை” என்று ஒருவர் சொல்லும்போது முதல் பதிலாக அபராதச் சீட்டு போவது தவறு. எழுத்தில் பதில் தரட்டுமா, தோல்விக்குப் பின் அரை மணி நேரம் தள்ளி வைக்கலாமா என்று உட்கார்ந்து பேச வழிகள் இருந்தன.

“எப்போது திரும்புவார்?”

கணுக்கால் சுளுக்கென்றால் ஆறு வாரம் என்று மருத்துவர் சொல்லிவிடுவார். மனத்துக்கு அப்படி நாள் குறிக்க முடியாது. மேக்ஸ்வெல் இரண்டு மாதத்துக்குள் உள்ளூர்ப் போட்டிக்கு வந்துவிட்டார். தந்தையை இழந்த துயரமும், கொரோனாக் கால அடைப்பு வாழ்க்கையும், விரல் காயமும் சேர்ந்து அழுத்த, 2021 ஜூலை இறுதியில் ஒதுங்கிய இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் டிசம்பரில் ஆஷஸ் ஆடினார். பைல்ஸ் முழுமையாகத் திரும்ப இரண்டாண்டு ஆனது. டிராட் 2015இல் மேற்கிந்தியத் தீவுகளில் மூன்று டெஸ்ட் ஆடிவிட்டு சர்வதேச கிரிக்கெட்டுக்கே விடைகொடுத்தார். எந்தக் கணக்கும் இன்னொருவருக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். முழுதாக உள்ளே, முழுதாக வெளியே என்ற இரண்டு நிலை மட்டும் இல்லை. டோக்கியோவில் பைல்ஸ் நான்கு தனிநபர் இறுதிகளைத் தவிர்த்துவிட்டு, ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஒடுங்கிய கட்டைமேல் செய்யும் பீம் போட்டிக்கு மட்டும் வந்தார். இறங்கும்போது உடலைத் திருக வேண்டாத எளிய முறைக்கு மாற்றிக்கொண்டார். வெண்கலம் கிடைத்தது. டிரெஸ்கோத்திக்கைத் தின்றது வீட்டைப் பிரிந்த பயணங்கள். மட்டை மீது அவருக்குப் பகை இல்லை. 2008இல் சர்வதேச ஆட்டத்தை விட்டவர், சோமர்செட் கவுண்டிக்கு 2019 வரை ஆடினார். எது தாங்க முடியவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப் போட்டால், இப்படி ஒரு பதினோரு ஆண்டும் வீணாகிவிடும்.

ஓய்வின் மதிப்பைப் பதக்கத்தில் தேடுவது

இந்தத் தவறு அன்பின் வேடத்தில் வருகிறது. பாரிஸ் 2024இல் பைல்ஸ் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றதும், “பார்த்தீர்களா, ஓய்வு எடுத்தது சரிதான்” என்று அவரை முன்பு ஏசியவர்களே எழுதினார்கள். 2022இல் ஒரு மாதம் மட்டையையே தொடாமல் இருந்துவிட்டு வந்த கோலி, செப்டம்பர் 8ஆம் தேதி துபாயில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 122 ரன் எடுத்தபோது நானும் அதையேதான் எல்லாரிடமும் சொன்னேன். பிறகு யோசித்தால் கூசுகிறது. அந்தச் சதம் வராமல் போயிருந்தால் அந்த ஒரு மாதம் தவறாகியிருக்குமா? ஒசாகா அந்த 2021 மே மாதத்துக்குப் பின் 2025 வரை எந்தக் கிராண்ட்ஸ்லாம் பட்டமும் வெல்லவில்லை. தாயானார், திரும்ப வந்தார், 2025 அமெரிக்க ஓப்பனில் அரையிறுதிவரை போனார். அவர் எடுத்த ஓய்வு தோற்றுவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டவரிடம் ‘எத்தனை கோப்பை வென்றீர்கள்’ என்று யாரும் கேட்பதில்லை.

ஓய்வுக்குள் நடக்கும் தவறுகள்

வீரர்களும் அணிகளும் செய்வதையும் சொல்ல வேண்டும். ஓய்வு என்று அறிவித்துவிட்டு, கைப்பேசியும் கையுமாக, தன்னைப் பற்றிய வசவுகளை இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் களம் மாறியிருக்கிறதே தவிர ஆட்டம் நிற்கவில்லை. சிகிச்சை இல்லாத வெறும் ஓய்வும் போதாது. ஆட்டத்தின் தரத்தைக் கூட்டப் பயிற்சி தரும் விளையாட்டு உளவியலாளர் வேறு, நோயைக் கண்டறிந்து மருந்து தரும் மனநல மருத்துவர் வேறு. பலர் முன்னவரோடு நின்றுவிடுகிறார்கள். அணியின் ஆலோசகரிடம் பேசியது தேர்வாளர் காதுக்குப் போகும் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், அப்புறம் ஒருவரும் அந்த அறைக்குள் உண்மை பேசமாட்டார்கள். “பையன் என்ன சொன்னான்?” என்று ஆலோசகரைக் கேட்கிற பயிற்சியாளர் அந்த அறையையே பூட்டிவிடுகிறார்.

ஊக்கமருந்து சோதனையில் சிக்கிவிடுவோம் என்று மருந்தே எடுக்காமல் இருப்பது இன்னொரு பெரிய தவறு. மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘வாடா’வின் தடைப் பட்டியலில் இல்லை. கவனக்குறைபாட்டுக்கான சில மருந்துகள் தடைக்குள் வரும். அதற்கும் சிகிச்சைக்கான விலக்கு என்ற முறையான வழி இருக்கிறது. இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’விடம் விண்ணப்பிக்கலாம். பைல்ஸ் அப்படி அனுமதி பெற்றே மருந்து எடுத்துவந்தார். 2016இல் ஹேக்கர்கள் அவரது மருத்துவக் கோப்பைத் திருடி வெளியிட்டபோது, சிறுவயதிலிருந்தே தனக்கு அந்தக் குறைபாடு உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நிமிர்ந்து சொன்னார். மருந்துச் சீட்டோடு பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். தானாகவே மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

பைல்ஸும் ஸ்டோக்ஸும் ஓய்வு எடுத்தால் செய்தி. விடுதியில் தங்கி விடியற்காலை ஓடும் மாவட்ட அளவிலான பிள்ளை ஓய்வு கேட்டால், ‘சோம்பேறி’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் வேலையும் அந்த ஒரு பருவத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் அது கேட்பதே இல்லை. வயிற்று வலி என்கிறது, கால் வலிக்கிறது என்கிறது, ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. அப்போது “நடிக்காதே” என்று சொல்லிவிடாதீர்கள்.

அன்று எனக்குச் செய்தி அனுப்பிய கைப்பந்துப் பயிற்சியாளரிடம் இதைப் பற்றிப் பின்னொரு நாள் நீண்ட நேரம் பேசினேன். மாவட்டப் போட்டிக்கு முன்பு ஒரு மாணவிக்கு சர்வீஸ் போட கை எழவே இல்லையாம். முதலில் கத்தினாராம். பிறகு பந்தை வாங்கி வைத்துவிட்டு, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, “ராத்திரி தூங்கினாயா அம்மா?” என்று கேட்டாராம். மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்றாளாம் அந்தப் பெண்.

அத்தகைய பதில் கிடைத்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கு: இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோரும் பயிற்சியாளரும் அழைத்து வழி கேட்கலாம்.